குணமான பிறகு எங்கே போவது?

மனநல மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்களோடு சற்று நேரம் பேசினால் போதும், ஒரு வாக்கியம் வந்து விழும்: "நல்லாயிட்டாங்க சார், கூட்டிட்டுப் போகத்தான் ஆள் இல்ல." இந்தியாவின் 43 அரசு மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான அறிக்கை ஒன்று, உள்நோயாளிகளில் 36 விழுக்காட்டினர் ஓராண்டுக்கும் மேலாக அங்கேயே இருப்பதாகச் சொன்னது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர். அவர்களில் சிலருக்கு நோய் இன்னும் தணியவில்லை. சிலருக்கு ஊர்ப் பெயர் நினைவில்லை. இன்னும் சிலருக்கு ஊரும் தெருவும் நன்றாக நினைவிருக்கிறது, போனால் கதவு திறக்காது என்பதும் தெரிந்திருக்கிறது.

மனநோயைப் பற்றி நம்மிடையே நடக்கும் விவாதங்கள் பெரும்பாலும் வேறு இடத்தில் நிற்கின்றன. பேயா, நோயா? மந்திரமா, மாத்திரையா? பரம்பரையாக வந்ததா, பட்ட துயரத்தால் வந்ததா? இவையெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் கோயில், தர்கா, மருத்துவமனை, சட்டம், தொண்டு நிறுவனம், கதை, நாவல் என்று இந்த விஷயத்தைத் தொட்ட எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தால், எல்லாம் வந்து முட்டி நிற்கும் இடம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. அந்த மனிதர் யாரோடு, எந்தக் கூரையின் கீழ் வாழப்போகிறார்? இதற்கு விடை சொல்லாத எந்தச் சிகிச்சையும் பாதியில் நிற்கிறது. மருத்துவத்துக்கு முன்பே இதைக் கண்டுகொண்டது இலக்கியம்.

சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்றொரு துறை உண்டு. மகள் உண்ணுவதில்லை, உறங்குவதில்லை, மேனி வாடி வளை கழல்கிறது. பதறிய தாய் வேலனை வரவழைக்கிறாள். அவன் கழங்கு போட்டுப் பார்த்து, இது முருகன் அணங்கியதால் வந்தது என்கிறான். களம் இழைத்து, மறியறுத்து, இரவெல்லாம் ஆடுகிறான். காரணம் முருகன் இல்லை, மலைநாட்டுக் காதலன் என்பது தோழிக்குத் தெரியும். அவள் சொல்லவும் துணிகிறாள்; அதை அறத்தொடு நிற்றல் என்று இலக்கணம் பெயரிட்டது. அந்தப் பாடல்கள் வேலனைப் பழிக்கவில்லை, தாயைக் கொடியவளாகக் காட்டவுமில்லை. தாயின் பதற்றம் உண்மையானது. அவள் அறிந்த வழி அதுதான். வீட்டில் ஒருவர் வாடும்போது, ஏன் என்று அவரையே கேட்க வீட்டாருக்கு வாய் வருவதில்லை, பக்கத்தில் இருக்கும் ஒருத்திதான் கேட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த நிலைமையை அந்தப் புலவர்கள் எவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

வெறியாட்டுக்களம் நம் ஊர்களிலிருந்து முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. வட தமிழகக் கிராமங்களில் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் நபோகோவ், பேய் பிடிப்பதாகச் சொல்லப்படுபவர்களில் புதிதாகக் கல்யாணமாகிப் புகுந்த வீடு வந்த பெண்கள் அதிகம் என்று பதிவு செய்தார். யோசித்துப் பார்த்தால் இதில் மர்மம் ஏதுமில்லை. பிறந்த வீட்டை விட்டு வந்து, பேச ஆளில்லாத வீட்டில், தன் வெறுப்பையோ பயத்தையோ சொல்ல வழியில்லாதவளுக்குப் பேயின் வாய் ஒன்று கிடைக்கிறது. பேய் பேசினால் ஊர் கூடி நின்று கேட்கும். மருமகள் பேசினால் கேட்காது.

ஆண்களுக்கு வேறு வைத்தியம். "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிப்பார்கள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் தனக்குத்தானே பேசத் தொடங்கியவனுக்கு, எதுவும் சொல்லாமல் ஒரு பெண்ணைக் கட்டி வைத்துவிடுவது இன்றும் நடக்கிறது. மனச்சிதைவு நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதும் அதே வயதில்தான். நோய் தொடங்கும் காலமும் கல்யாண காலமும் இப்படி ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுவதால் எத்தனை பெண்களின் வாழ்க்கை குலைந்திருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை.

நோய் பெண்ணுக்கு வந்தால் நிலைமை இன்னும் கடுமை. சென்னையின் மனச்சிதைவு நோய் ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபைச் சேர்ந்த மருத்துவர் ஆர். தாராவும் உடன் பணியாற்றியவர்களும், மனச்சிதைவு நோயால் மணவாழ்க்கை முறிந்த 75 பெண்களைச் சந்தித்து 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணவன் வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட அவர்களில் பெரும்பாலோர் முதிய பெற்றோரின் நிழலில் இருந்தார்கள். சட்டப்படி மணவிலக்குப் பெற்றவர்கள் குறைவு. ஜீவனாம்சம் கிடைத்தவர்கள் அதைவிடக் குறைவு. நோயைவிட, வாழாவெட்டி என்ற பெயர்தான் அந்தக் குடும்பங்களை அதிகம் வாட்டியது. இந்து திருமணச் சட்டம் மனநோயை மணவிலக்குக்கான காரணங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. நோய் என்று ஒரு சீட்டு இருந்தால் மட்டும் போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு அது கடுமையானது என்று காட்ட வேண்டும் என்று 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் அனுப்பி வைக்கப்படுகிறவர்களில் பலர் நீதிமன்றப் படியே ஏறுவதில்லை. ஆடிக்கு அழைத்து வந்த பெண்ணைத் திரும்பக் கூப்பிட வராமலிருந்தால் முடிந்தது.

பேயோட்டுபவரைத் தாண்டி அடுத்து போகும் இடம் கோயிலோ தர்காவோதான். திருச்சிக்கு அருகில் காவிரிக் கரையிலுள்ள குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலுக்கு மனநோய் கண்டவர்களை அழைத்து வந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. உச்சிகாலத்திலும் இரவிலும் பூசை முடிந்ததும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். இன்று அங்கே அரசு உரிமத்தோடு மறுவாழ்வு மையம் இருக்கிறது, மனநல மருத்துவரும் வந்து பார்க்கிறார். பெங்களூரின் நிமான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ரகுராமும் குழுவினரும் தமிழ்நாட்டின் வேறொரு கோயிலில், முத்துசாமி என்பவரின் சமாதிமேல் எழுந்த கோயிலில், தங்கியிருந்த 31 பேரைக் கவனித்தார்கள். சராசரியாக ஆறு வாரம். மந்திரமோ மருந்தோ விசேஷச் சடங்கோ இல்லை. காலையில் எழுந்து கோலம் போடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகள்தான். நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது என்று 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். ஒவ்வொருவரோடும் வீட்டார் ஒருவர் கூடவே தங்கியிருந்தார் என்பதைத்தான் நான் அடிக்கோடிடுவேன். அடிக்காத, சங்கிலியிடாத, அவசரப்படுத்தாத ஓர் இடத்தில், தன் மனிதர் ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

அந்த ஒருவர் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடிவதற்கு முந்தைய வேளை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவை ஒட்டி நடந்துகொண்டிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அன்று காப்பக உரிமையாளர்களைத் திட்டித் தீர்த்தோம், திட்ட வேண்டியதுதான். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. ஆனால் அந்தச் சங்கிலிகளுக்கு மாதாமாதம் பணம் கட்டியவர்கள் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் வந்த சாதாரணக் குடும்பங்கள். அவர்கள் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை. இரவில் எழுந்து ஓடுகிற மகனைப் பிடிக்க ஆளில்லாத தாய், வேலைக்குப் போனால்தான் சோறு என்றிருக்கும் அண்ணன், ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் மனநல மருத்துவரே இல்லாத ஊர். தர்காவுக்கு அழைத்து வந்தார்கள், சில வாரம் கூட இருந்தார்கள், பிறகு காசு கொடுத்து விட்டுவிட்டுப் போனார்கள். காப்பகங்கள் மூடப்பட்ட பிறகு போக இடமில்லாதவர்கள் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பின்னாளில் தர்கா வளாகத்திலேயே அரசு மருத்துவர்கள் மருந்து தரும் ஏற்பாடு வந்தது. பிரார்த்தனையும் நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும் என்ற இந்த அணுகுமுறை 2001க்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

கீழ்ப்பாக்கத்தின் கதை இன்னும் பழையது. சென்னையில் மனநோயாளிகளுக்கான முதல் விடுதியை 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலண்டைன் கனோலி தொடங்கினார். 1871இல் அது கீழ்ப்பாக்கம் லோகாக் தோட்டத்துக்கு வந்தது. அந்நாளையச் சட்டங்களின் நோக்கம் சமூகத்தைப் பைத்தியத்திடமிருந்து காப்பது. 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி மாஜிஸ்திரேட் உத்தரவோடு ஒருவரை உள்ளே அனுப்பலாம். உள்ளே போகும் வழி காவல் நிலையத்தின் ஊடாக இருந்ததால், வெளியே வரும் வழியும் அதே போல நெருக்கடியானதாகிவிட்டது. கைதிக்காவது விடுதலைத் தேதி உண்டு.

1950களில் குளோர்ப்ரோமசின் போன்ற மருந்துகள் வந்த பிறகு, சங்கிலியும் தனியறையும் இல்லாமலேயே கொந்தளிப்பை அடக்க முடிந்தது. பலர் பேசும் நிலைக்கு, சிரிக்கும் நிலைக்குத் திரும்பினார்கள். அப்போதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி முழு உருவத்தோடு எழுந்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் பொறுப்பில் இருந்தவர். நோயாளிகளுக்குத் தொழிற்பயிற்சி, சமூகப் பணியாளர்கள், குடும்பத்தாரோடு பேச்சு என்று மதிலுக்குள் பல வாசல்களைத் திறந்தார். ஓய்வுக்குப் பின் 1984இல் சகாக்களோடு ஸ்கார்ஃபைத் தொடங்கியபோது அவர் கவனம் முழுக்க மறுவாழ்வில் இருந்தது. மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பியவர்கள் சில மாதத்தில் மறுபடி வந்து நிற்பதைப் பதினேழு ஆண்டுகள் பார்த்த ஒருவருக்குத்தான் அந்தத் தெளிவு வரும்.

நம் நாட்டு மனநல மருத்துவத்தில் பெருமைப்பட வேண்டிய ஒரு அத்தியாயம் இந்த இடத்தில் இருக்கிறது, அதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர், வளாகத்தில் கூடாரங்கள் அடித்து நோயாளிகளோடு அவர்கள் குடும்பத்தாரையும் தங்கவைத்தார். அதே காலத்தில், 1957இல், வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் தொடங்கியபோது, உறவினர் ஒருவர் கூடவே தங்கவேண்டும் என்பதை நடைமுறையாக்கியது. செவிலியர் பற்றாக்குறையும் இடநெருக்கடியும் இதற்குக் காரணங்கள் என்பது உண்மை. ஆனால் விளைவு பெரியது. நோய் என்ன, மருந்தை ஏன் நிறுத்தக்கூடாது, திரும்ப வருவதற்கான அறிகுறி எது என்று தாயும் மனைவியும் கண்ணால் பார்த்துக் கற்றார்கள். குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதையும் கும்பிட்டு நிற்பதையும் விட்டு, அதற்குக் கற்றுக்கொடுத்தது அந்த வழி.

குடும்பம் குணப்படுத்தவும் செய்யும், குலைக்கவும் செய்யும் என்பதற்கு ஆய்வுகள் உண்டு. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிய ஆய்வுவழியின் முடிவு இது: வீட்டில் சதா குறைசொல்லும், வெறுப்புக் காட்டும், அல்லது மூச்சுமுட்டக் கவனிக்கும் சூழல் இருந்தால் மனச்சிதைவு நோய் மறுபடி வரும் வாய்ப்பு கூடுகிறது. அதே அளவுகோலைச் சண்டிகரில் வைத்துப் பார்த்தபோது, குறிப்பாகக் கிராமப்புற வீடுகளில் அத்தகைய சுடுசொல் லண்டனைவிடக் குறைவாக இருந்தது. 1981இல் சென்னையில் தொடங்கி, முதன்முறை நோய் கண்ட 90 பேரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்த ஆய்வும், மேலை நாடுகளில் எதிர்பார்த்ததைவிட நம்பிக்கையூட்டும் படத்தைத்தான் காட்டியது. ஆனால் இதை வைத்து நம் குடும்ப அமைப்பே மருந்து என்று மார்தட்டிக்கொள்ள நான் தயாரில்லை. அந்த ஆய்வுகள் தொடங்கிய காலத்து வீட்டில் பாட்டியும் சித்தப்பாவும் இருந்தார்கள். இன்று இரண்டு அறை வாடகை வீட்டில், இருவரும் வேலைக்குப் போக, ஒருவரைத் தனியே பூட்டிவைத்துவிட்டுப் போகும் நிலை இருக்கிறது. குடும்பத்தின் அன்பு குறைந்துவிட்டதாகச் சொல்வதைவிட, அன்பைச் சுமக்கும் கைகள் குறைந்துவிட்டன என்று சொல்வதே சரி.

இந்தச் சுமையைத் தமிழில் உள்ளிருந்து எழுதிய நாவல் எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்'. 1993இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. கும்பகோணத்தின் பட்டு ஜவுளிச் சூழலில் வாழ்ந்த எழுத்தாளர் மகாலிங்கத்தின் காதுகளுக்குள் குரல்கள் புகுந்துகொள்கின்றன. ஏசுகின்றன, கேலி செய்கின்றன, ஆபாசம் பேசுகின்றன, ஓயாமல் நாடகம் போடுகின்றன. ஆசிரியரே பல ஆண்டுகள் இத்தகைய குரல்களோடு வாழ்ந்தவர். மனச்சிதைவு நோய் என்று மருத்துவர் பெயரிடுவார். நாவல் அந்தப் பெயரிடமும் போவதில்லை, வெறும் தெய்வ சோதனை என்று ஒதுங்குவதுமில்லை. முருகனைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் தன் நிலையைத் தானே வேடிக்கை பார்க்கிறார். ஆனால் என்னை மீண்டும் மீண்டும் அந்த நாவலுக்கு இழுப்பது குரல்களைவிட வீடுதான். தொழில் நொடித்துப்போகிறது, குழந்தைகள் இருக்கிறார்கள், அடுப்பு எரிய வேண்டும், மனைவி எல்லாவற்றையும் தாங்குகிறாள். அவர் காதில் என்ன கேட்கிறது என்று அவளுக்குத் தெரியாது, ஆனாலும் அவரைத் தள்ளவில்லை. அவள் பக்கத்துக் கதையை யாராவது எழுதியிருக்கலாம். நம் இலக்கியம் பைத்தியத்தின் அகத்தை எழுதிய அளவுக்கு, அதைப் பராமரித்தவளின் அகத்தை எழுதவில்லை.

கோபி கிருஷ்ணன் இன்னொரு வகையில் முக்கியமானவர். உளவியல் படித்தவர், மனநலத் துறையில் சமூகப் பணி செய்தவர், தானே சிகிச்சையில் இருந்தவர், குறைந்த வருமானத்தில் ஒண்டுக்குடித்தன வீடுகளில் வாழ்ந்தவர். 1945இல் மதுரையில் பிறந்து 2003இல் மறைந்தார். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' நூலில் மருத்துவமனைக்குள் இருப்பவர்களின் பேச்சை ஏறத்தாழ அப்படியே வைத்தார். விளக்கவுரை இல்லை, இரக்கத்துக்கான ஏங்கல் இல்லை. அந்தப் பேச்சுகளில் பாதிக்கு மேல் நோயைப் பற்றியதே அல்ல என்பது வாசிப்பவருக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். சம்பளம், அவமானம், மாமியார், தங்கை கல்யாணம், அதிகாரியின் சொல். சுத்தமான அறையில் நோயைத் தனியே பிரித்தெடுத்துப் பார்க்கும் மருத்துவத்துக்கு அந்தப் புத்தகம் நல்ல பாடம். மனநலம் படிக்கும் மாணவர்களுக்கு அதைப் பாடமாக வைக்கலாம் என்பது என் விருப்பம்.

ஆத்மாநாம் பற்றிச் சொல்லும்போது கவனம் தேவைப்படுகிறது. 'ழ' இதழை நடத்திய அந்தக் கவி, மனநோயோடு போராடி, 1984இல் 33 வயதில் தன் உயிரை முடித்துக்கொண்டார். அவர் சாவைக் கவிதையின் உச்சம் போலப் பேசும் ஒரு மரபு நம்மிடையே உருவாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அவர் எழுதியவை நலமாக இருந்த நாட்களின் தெளிவில் வந்தவை. நோய் பறித்துக்கொண்டவை எவ்வளவோ. பித்தனைச் சித்தனாக்கும் பழக்கம் நமக்குப் பக்தி மரபிலிருந்தே உண்டு, கோயில் வாசலில் அது பொருந்தலாம். முப்பது வயதில் மருந்து கிடைத்தும் துணை போதாமல் போன ஒருவரிடம் அதைக் கொண்டுபோய்ப் பொருத்துவது நியாயமில்லை.

ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' மனநோயைப் பற்றிய நாவலாக யாரும் வாசிப்பதில்லை. ஆனால் என் கேள்விக்கு அதைவிட நேரான பதில் தமிழில் இல்லை. வளர்த்த தந்தையின் பாழடைந்த வீட்டைத் தேடி ஹென்றி கிருஷ்ணராஜபுரம் வருகிறான். ஊரில் ஆடையில்லாமல் திரியும் மனநிலை பிறழ்ந்த பெண் ஒருத்தி அங்கே வந்து சேர்கிறாள். அவன் அவளைப் பேபி என்று அழைத்து, வீட்டில் ஒருத்தியாக வைத்துக்கொள்கிறான். குணப்படுத்த முனையவில்லை, கட்டிப்போடவுமில்லை. அவள் ஒருநாள் போய்விடுகிறாள். வந்தால் வரட்டும் என்று வீடு திறந்தே கிடக்கிறது. நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று சொல்லலாம். ஆனால் வீடு என்பதை ரத்த உறவிலிருந்து பிரித்து யோசிக்க முடியும் என்று 1970களிலேயே ஒரு தமிழ் நாவல் காட்டிவிட்டது.

சினிமா வேறு பாதையில் போயிற்று. பல காலம் பைத்தியம் என்றால் சிரிப்புக்கு, அல்லது பயமுறுத்தலுக்கு. பாலாவின் 'சேது' (1999) கடைசிக் காட்சிகளில் உண்மையைத் தொட்டது என்பேன். தெளிவு பெற்று வெளியே வந்தவனுக்குத் திரும்பிப்போக எதுவும் மிச்சமில்லை என்றானபோது, அவன் தானாகவே காப்பகத்துக்குத் திரும்புகிறான். மிகைநாடகம்தான், ஆனாலும் நீண்டகால நோயாளிகள் பலரின் நிலை அதுவே.

போதையின் கதை தனிக் கட்டுரை கேட்கும் விஷயம். சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை' குடியை ஒழுக்கக்கேடாகப் பார்த்த நடுத்தர வர்க்கத்துக்கு, அது நோய் என்று சொன்னது. சென்னையில் டி.டி. ரங்கநாதன் நினைவாக சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய மையம் அதே புரிதலில், குடிப்பவரோடு அவர் மனைவியையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது.

வீடே காயப்படுத்தும் இடமாக இருந்தால்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். காரணங்களில் முதலிடம், 31.7 விழுக்காடு, குடும்பப் பிரச்சினைகள். காவல் நிலையத்தில் எழுதப்படும் ஒற்றை வரிக் காரணத்தை அப்படியே நம்ப முடியாது. கடன், சாதி, குடி, மனச்சோர்வு எல்லாம் அந்தத் தலைப்புக்குள் ஒளிந்திருக்கும். இருந்தும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. 1986இல் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பு செய்தது முதலில் காதுகொடுத்துக் கேட்பது. பிறகு அவர் குழு காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பூட்டுள்ள பொதுப் பெட்டிகளில் வைத்து வாங்கிச்செல்லும் ஏற்பாட்டைச் சோதித்தது. ஆத்திரத்தில் எழும் எண்ணம் சில மணி நேரத்தில் தணிந்துவிடக்கூடியது. அந்த நேரத்தைக் கடக்க உதவினால் உயிர் மிஞ்சும். இதை வாசிக்கும் யாருக்காவது அப்படியொரு நேரம் வந்தால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

வீடும் ஊருமே அழிந்துபோன இடத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஈழத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலம் முழுக்கப் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தனியாள் ஒருவருக்கு வந்த நோயாக மட்டும் அந்தத் துயரத்தைப் பார்க்க முடியாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்டிருக்கின்றன என்று தொடர்ந்து எழுதினார். எனவே ஆசிரியர்களுக்கும் கிராமப் பணியாளர்களுக்கும் பயிற்சி, சடங்குகளுக்கு மதிப்பு, கூடிப் பேசும் இடங்கள் என்று அவர் வழி அமைந்தது. மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய இடத்தில் வேறு வழியும் இருக்கவில்லை.

நம் நிலைமையும் பெரிதும் வேறல்ல. 2015-16இல் நிமான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அந்த வேளையில் ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நோய் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை. 1996-97இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் முதல் மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. மாத்திரை தாலுகா மருத்துவமனை வரை வந்தது பெரிய காரியம். மாத்திரைக்குப் பிறகான வாழ்க்கை அந்தத் திட்டத்தில் மெலிதாகவே இருக்கிறது.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் உண்மையிலேயே நல்ல சட்டம். சங்கிலியிடுவதைத் தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கொள்ளச் சொன்னது. உடல்நோய்க்கு உள்ளதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தரச் சொன்னது. அதன் 19ஆம் பிரிவை நான் மிகவும் மதிக்கிறேன்: குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்பதற்காக ஒருவரைத் தொடர்ந்து மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது; கைவிடப்பட்டவருக்குத் தன் குடும்ப வீட்டில் வாழும் உரிமையைப் பெற அரசு சட்ட உதவி தர வேண்டும். குணமானவர்களை மருத்துவமனைகளில் அடைத்து வைத்திருப்பதைப் பற்றிய கௌரவ் குமார் பன்சல் வழக்கில், இடைநிலை இல்லங்களை அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் மாநிலங்களை மறுபடி மறுபடி நெருக்கியது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கட்டில் மாறுவதை மறுவாழ்வு என்று சொல்லிவிடக் கூடாது.

1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் சென்னையில் தொடங்கிய பேன்யன் அமைப்பு இந்த இடத்தில் பாதை காட்டியிருக்கிறது. தெருவில் விடப்பட்ட பெண்களுக்கு 'அடைக்கலம்' என்ற இல்லம் நடத்தியவர்கள், இல்லத்திலேயே பலர் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதைக் கண்டு, 2015இல் சாதாரணத் தெருக்களில் சாதாரண வாடகை வீடுகளை எடுத்தார்கள். நாலைந்து பேர் ஒரு வீடு. சமைப்பார்கள், சந்தைக்குப் போவார்கள், சண்டை போடுவார்கள், சிலர் வேலைக்கும் போவார்கள். உதவிக்கு ஒருவர் இருப்பார். ஹென்றியின் வீட்டைப் போல ரத்த உறவு தேவைப்படாத வீடு இது. வேறு மாநிலங்களுக்கும் பரவியிருக்கிறது. அரசே மாவட்டந்தோறும் இதைச் செய்யலாம், பெரிய மருத்துவமனைக் கட்டடத்துக்கு ஆகும் செலவும் ஆகாது. வாடகைக்கு வீடு தர மறுப்பவர்களிடம் ஆட்சியர் அலுவலகம் பேசினால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது, யாரும் வாய்விட்டுப் பேச விரும்பாத ஒன்று: சொத்து. பழைய இந்துச் சட்டம் பித்துப் பிடித்தவருக்கு வாரிசுரிமையே இல்லை என்றது. 1928ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பிறவியிலேயே மனநிலை சரியில்லாதவர்களோடு நிறுத்தியது. 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, எந்த நோயும் எந்த ஊனமும் ஒருவரின் பங்கைப் பறிக்காது என்றது. ஆக, மருத்துவமனையில் இருபது ஆண்டாக இருக்கும் தங்கைக்கு ஊரிலுள்ள குடும்ப வீட்டில் பங்கு இருக்கிறது. நடைமுறையில், பெற்றோர் இறந்த ஆண்டில் அவள் பெயர் வாரிசுச் சான்றிதழிலிருந்து நழுவிப்போகும், அல்லது யாரோ ஒருநாள் வந்து விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிப்போவார்கள். "எனக்கப்புறம் இவனை யார் பாப்பா?" என்று கேட்கும் வயதான தாய்மாருக்கு உயில் எழுதவும் அறக்கட்டளை ஏற்படுத்தவும் வழிகாட்ட ஆளில்லை. மனநலம் குன்றியோருக்கான சட்ட உதவிக்கென்று தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2015லேயே தனித் திட்டம் வகுத்திருக்கிறது. மாவட்டந்தோறும் அதன் அலுவலகம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. அந்த வழக்கறிஞர்கள் வாரம் ஒருமுறையாவது மனநல மருத்துவமனையின் வார்டுகளுக்குள் வந்து, ஒவ்வொருவரிடமும் பெயர், ஊர், அப்பா பெயர் கேட்டு, வீடு யார் பேரில் இருக்கிறது என்றும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.